தோர்ணக்கல் பேராலயமும் நெல்லைத் தமிழரும்

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியமர்ந்து தெலுங்கு மக்களிடையே வாழும் நமக்கு, நமக்கு முன்னரே வடக்கே சென்று அம்மக்களோடு கலந்துவிட்ட ஒரு தமிழரின் நினைவு எழுவது இயல்பே. விசயவாடாவிலிருந்து காசிப்பேட்டை செல்லும் இரயில் பாதையில் தோர்ணக்கல் என்றொரு சந்திப்பு நிலையம் உண்டு. இன்று அது தெலங்கானாவைச் சேர்ந்தது. அவ்வூர்ப் பேராலயத்தைக் குறித்தே இங்குச் சில கூற விழைகின்றோம்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். அவர் சிறுவராய்ப் பயின்ற மெய்ஞ்ஞானபுரத்தில், 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரப் பாதிரிமார் எழுப்பிய ஆலயம் ஏறத்தாழ 190 அடி உயரக் கூர்ங்கோபுரத்துடன் பனங்காட்டினிடையே நிற்கின்றது. இங்கிலாந்திலிருந்து பெயர்த்துக் கொணர்ந்து நட்டதோ என எண்ணத் தோன்றும். அதன் நிழலில் வளர்ந்தவர், தாம் ஆலயம் கட்டப் புகுந்தபோது அதனைப் பின்பற்றினாரல்லர்.

1903-இல் நெல்லைக் கிறித்தவர்கள் தம் பணத்தாலும் தம் ஆட்களாலும் நடத்துவதற்கென இந்திய மிஷனெரி சங்கத்தை நிறுவினர். அசரியா அதன் முதற் செயலாளர். 1909-இல் குருப்பட்டம் பெற்று, அன்றைய நிசாம் சமஸ்தானத்துத் தோர்ணக்கல்லில் குடியேறித் தெலுங்கு கற்றார். 1912 டிசம்பர் 29-இல் கல்கத்தாவில் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர் ஒருவர் அப்பதவி எய்தியது அதுவே முதன்முறை. இந்தியர் கீழ் வெள்ளையர் பணிபுரிவதா என முணுமுணுத்தோரும் உளர்.

அவரது சபையினர் பெரும்பாலும் மாலர், மாதிகர் ஆகிய ஒடுக்கப்பட்ட உழைப்பாளர். பேராலயம் எழுந்து முடியக் கால் நூற்றாண்டு சென்றது. ஏழைச் சபையின் கட்டடம் மெல்லத்தானே வளரும்! அதன் தூண்கள் தென்னாட்டுக் கோயில் மண்டபங்களை நினைவூட்டுகின்றன. மேலே குவிமாடங்களும் மினார்களும் பள்ளிவாசலை ஒத்துள்ளன. நிசாம் நாட்டுக் குடியானவனுக்கு இவற்றுள் எதுவும் அயலாகத் தோன்றியிராது. நம் சங்கத்திற்குச் சொந்தக் கட்டடம் வேண்டுமெனப் பேசும்போதெல்லாம், முகப்பில் தஞ்சைக் கோபுரம் வேண்டும் என்போர் நம்மிடையே பலர். அசரியாவோ நெல்லையின் கோபுரத்தை நெல்லையிலேயே விட்டுவந்தார்.

1939 ஜனவரி 6-இல், கீழ்த்திசை ஞானியர் குழந்தை இயேசுவைக் கண்டு வணங்கியதை நினைவுகூரும் பிரசன்னத் திருநாளன்று, அப்பேராலயம் அர்ப்பணிக்கப்பட்டு அந்நாளின் பெயரையே பெற்றது. 1945 ஜனவரி 1-இல் அசரியா காலமானார். தோர்ணக்கல்லிலேயே அவரை அடக்கம் செய்தனர்.