சயான்–பன்வேல் நெடுஞ்சாலையோரம் ஓர் உலகக் கோப்பை: கால்பந்துப் போட்டிகளை நடத்தும் நாடு தேர்வாகும் விதம்

2013 டிசம்பர் 5 அன்று பிரேசிலின் பாஹியா மாநிலத்தில் கூடிய ஃபிஃபா செயற்குழு, 2017-ஆம் ஆண்டின் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை நடத்தும் உரிமையை இந்தியாவுக்கு வழங்கியது. அசர்பைஜான், அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா, உஸ்பெகிஸ்தான் ஆகிய நாடுகளும் அதற்காக விண்ணப்பித்திருந்தன. சரியாக ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பர் 5 அன்று, 2027-ஆம் ஆண்டின் ஆசியக் கோப்பையை நடத்துவதற்கான போட்டியிலிருந்து இந்தியா விலகிக்கொண்டது. அப்போது களத்தில் எஞ்சியிருந்தவை இரண்டே நாடுகள்: இந்தியா, சவூதி அரேபியா. இரு தேதிகளும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஆனால் இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றைத் தொகுத்துப் பார்த்தால், ஒரு பெரும் கால்பந்துப் போட்டிக்கு ஒரு நாடு தேர்வாவதற்கும் அந்நாட்டில் கால்பந்து ஆடப்படுவதற்கும் உள்ள தொடர்பு எவ்வளவு மெலிந்தது என்பது புலனாகும். அதைப் பார்ப்பதற்கு மும்பை பொருத்தமான இடம்.

தாராவியை ஒட்டிய சயானிலிருந்து புறப்படும் சயான்–பன்வேல் நெடுஞ்சாலை செம்பூரைத் தொட்டு, மான்குர்தைக் கடந்து, வாஷி கழிமுகப் பாலத்தின் மீதேறி நவி மும்பைக்குள் நுழைகிறது. நெரூலில் அச்சாலையோரம் நிற்பது டி.ஒய். பாட்டீல் மைதானம். 2008-இல் திறக்கப்பட்டது, ஏறத்தாழ 55,000 பேர் அமரக்கூடியது. அரசோ மாநகராட்சியோ கட்டியதன்று. ஒரு தனியார் கல்விக் குழுமத்தின் உடைமை. அடிப்படையில் அது கிரிக்கெட்டுக்கான களம். சென்னை அணி 2008-இல் ஐ.பி.எல். இறுதியாட்டத்தில் தோற்றதும் 2010-இல் முதன்முறையாக வென்றதும் அங்கேதான். தமிழ் ரசிகர் நினைவில் அம்மைதானம் அப்படித்தான் பதிந்திருக்கும். 2017-இன் உலகக் கோப்பைக்கு மும்பைப் பகுதியிலிருந்து தேர்வான ஒரே களமும் அதுவே. மும்பை மாநகரின் எல்லைக்குள்ளிருந்து ஒரு கால்பந்துக் களம்கூட அப்போட்டிக்குத் தேர்வாகவில்லை.

இந்த இன்மைக்கு ஒரு வரலாறு உண்டு. இந்தியாவின் மிகப் பழைய கால்பந்துப் போட்டிகளுள் ஒன்றான ரோவர்ஸ் கோப்பை பம்பாயில் 1891-இல் தொடங்கியது. பிரித்தானியப் படைப்பிரிவுகள் நெடுங்காலம் தம் வசமே வைத்திருந்த அக்கோப்பையை 1937-இல் பெங்களூரு முஸ்லிம் அணி வென்றது. 1940-இல் கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் வென்றது. 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து ஐதராபாத் நகரக் காவல்துறை அணி கைப்பற்றியது. தென் மும்பையின் கூப்பரேஜ் மைதானம் அக்காலத்தில் இந்தியக் கால்பந்தின் தலையாய அரங்குகளில் ஒன்று. டாட்டா, கால்டெக்ஸ் போன்ற நிறுவனங்கள் வேலையும் கொடுத்து ஆட்டக்காரர்களை வைத்திருந்தன. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல்கள் அடித்த நெவில் டிசௌசா டாட்டா அணியின் ஆட்டக்காரர். அந்த ஒலிம்பிக்கிலும் 1960 ரோம் ஒலிம்பிக்கிலும் இந்திய அணியின் கோல்கீப்பர்களுள் ஒருவராக இருந்த எஸ்.எஸ். நாராயணன், பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து மாட்டுங்காவில் ஆட்டம் பழகியவர். தென்னிந்தியக் குமாஸ்தாக் குடும்பங்களின் குடியிருப்பாக மாட்டுங்கா அறியப்பட்ட காலம் அது; ஜிம்கானாவும் பள்ளித் திடல்களும் நடையெட்டும் தொலைவில் இருந்தன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தோர் நிரம்பிய தாராவிக்கு அத்தகைய திடல் வாய்க்கவில்லை. இரு பகுதிகளையும் பிரிப்பது ஒரு ரயில்பாதையே எனினும், விளையாட்டிடத்தைப் பொறுத்தவரை அவை இரு வேறு நகரங்கள்.

ரோவர்ஸ் கோப்பை கடைசியாக 2000–01 பருவத்தில் நடைபெற்றது. அதற்கு முன்பிருந்தே நிறுவன அணிகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்துவந்தன. மும்பையின் மகிந்திரா யுனைட்டெட் 2010-இல் கலைக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில் உலகக் கோப்பை ஒன்றின் உரிமை வந்துசேர்ந்தது. உள்ளூர்க் கால்பந்து தளர்ந்த அதே காலத்தில் உலகக் கால்பந்து வாயிலுக்கு வந்ததை எவ்வாறு விளங்கிக்கொள்வது? அதற்குத் தேர்வுமுறையின் வரலாற்றைச் சற்றே பார்க்கவேண்டும்.

தொடக்கத்தில் ஃபிஃபாவின் உறுப்பு நாடுகள் கூடும் பேரவையே பெரும்பாலும் முடிவெடுத்தது. 1929-இல் பார்சிலோனாவில் உருகுவே, 1936-இல் பெர்லினில் பிரான்ஸ், 1946-இல் லக்சம்பர்கில் பிரேசில் என அம்முடிவுகள் அமைந்தன. 1966-இல் லண்டன் பேரவை ஒரே அமர்வில் மூன்று உலகக் கோப்பைகளைப் பங்கிட்டது. 1974-ஐ ஸ்பெயின் விட்டுக்கொடுக்க, 1982-ஐ மேற்கு ஜெர்மனி விட்டுக்கொடுத்தது. பேரம் என்று சொல்லத் தயங்கவேண்டியதில்லை. பின்னர் அதிகாரம் இருபத்துச் சொச்சம் பேர் கொண்ட செயற்குழுவிடம் சென்றது. 2010 டிசம்பர் 2 அன்று சூரிச்சில் 22 பேர் வாக்களித்து ரஷ்யாவையும் கத்தாரையும் தேர்ந்தனர். அதைத் தொடர்ந்தெழுந்த ஊழல் குற்றச்சாட்டுகளால் ஆண்களுக்கான உலகக் கோப்பை முடிவு மீண்டும் பேரவைக்கே திரும்பியது. 2018-இல் மாஸ்கோவில் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகியவற்றின் கூட்டு விண்ணப்பம் 134 வாக்குகளும் மொராக்கோ 65 வாக்குகளும் பெற்றன. இளையோர் போட்டிகள், மகளிர் இளையோர் போட்டிகள் ஆகியவற்றின் முடிவு மட்டும் சிறிய அவையிடமே தங்கிவிட்டது.

வாக்களிப்பவர் யாராயினும், முன்வைக்கப்படும் ஆவணம் ஏறத்தாழ ஒன்றே. மைதானங்கள், பயிற்சித் திடல்கள், விடுதிகள், விமான நிலையங்கள் ஒரு பக்கம். மறுபக்கம் அரசின் உத்தரவாதக் கடிதங்கள். வரிவிலக்கு, விசா, வேலை அனுமதி, அந்நியச் செலாவணியைத் தடையின்றி வெளியே கொண்டுசெல்லும் உரிமை, பாதுகாப்பு, வணிகச் சின்னங்களின் காப்பு என அவை விரியும். போட்டி நடக்கும் சில வாரங்களுக்கு ஓர் அரசு தன் சட்டங்கள் சிலவற்றைத் தளர்த்திக்கொள்ள ஒப்புகிறதா என்பதே கேள்வியின் சாரம். அந்நாட்டில் எத்தனை சிறுவர்களுக்கு ஆடத் திடல் உண்டு என்ற கேள்வி அந்த ஆவணத்தில் 'மரபுப்பேறு' என்ற தலைப்பின் கீழ் வாக்குறுதியாக மட்டுமே இடம்பெறும். இந்தியா 2013-இல் வென்றது இந்த ஏட்டளவுத் தேர்வில். உரிமையுடன் ஒரு பரிசும் உடன்வந்தது: நடத்தும் நாடு தகுதிச் சுற்று ஆடவேண்டியதில்லை. ஃபிஃபா போட்டி எதிலும் அதுவரை ஆடியிராத இந்தியா இவ்வழியாகவே உள்ளே நுழைந்தது.

2017 ஜூலையில் குலுக்கல் மும்பையில் நடந்தது. இந்தியாவின் ஆட்டங்கள் முதலில் நவி மும்பைக்கே திட்டமிடப்பட்டிருந்தன. பின்னர் தில்லிக்கு மாற்றப்பட்டன. தலைநகரில் தேசிய அணி ஆடவேண்டும் என்ற அரசுத் தரப்பின் விருப்பம் வென்றது. அக்டோபர் 9 அன்று கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் தலையால் முட்டிய பந்து உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் கோலாயிற்று. ஆனால் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. நெரூல் மைதானத்துக்கு நியூசிலாந்து, துருக்கி, மாலி, பராகுவே ஆகிய அணிகளின் பிரிவு கிடைத்தது. மாலியை ஸ்பெயின் 3–1 என வென்ற அரையிறுதியும் அங்கே நிகழ்ந்தது. செம்பூரில் ஏறி நெரூலில் இறங்க ஒரே ஹார்பர் ரயில் போதும். அந்த வழியில் சென்று மாலியின் சிறுவர்களைப் பார்த்தவர்களுக்குத் தம் நாட்டுச் சிறுவர்களைப் பார்க்க வாய்க்கவில்லை.

மொத்தப் பார்வையாளர் எண்ணிக்கை 13,47,133. அவ்வயதுப் பிரிவின் உலகக் கோப்பைகளில் 1985 முதல் சீனாவிடம் இருந்த சாதனையை இது முறியடித்தது. கூட்டமைப்பின் அறிக்கைகளில் இந்த எண் பலமுறை மேற்கோளாயிற்று. இன்னோர் எண்ணும் உண்டு. எட்டு மாதங்கள்கூட முடியாத நிலையில், 2018 ஜூன் 1 அன்று, அந்தேரியின் மும்பை கால்பந்து அரங்கில் இந்தியாவின் முதன்மை அணி சீனத் தைபேயை 5–0 என வென்றபோது மைதானத்தில் இருந்தவர்கள் 2,569 பேர். 'எங்களைத் திட்டுவதற்காகவேனும் வாருங்கள்' என்னும் பொருள்பட சுனில் சேத்ரி காணொளியில் வேண்டிய பிறகே கென்யாவுக்கு எதிரான அடுத்த ஆட்டத்துக்கு அரங்கு நிறைந்தது. உலக நிகழ்வைக் காண வந்த கூட்டம் வேறு. தன் அணியைப் பின்தொடரும் கூட்டம் வேறு. முன்னதைத் திரட்ட ஒரு வாரியமும் ஓர் அரசும் போதும். பின்னது ரோவர்ஸ் கோப்பை போன்ற ஆண்டு வழக்கங்களில் மெல்ல மெல்ல விளைவது.

அதன்பின் இந்தியா விண்ணப்பங்களைத் தொடர்ந்தது. 2019-இன் 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையைப் போலந்திடம் இழந்தது. 17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பை 2019 மார்ச்சில் கிடைத்தது. 2020-இல் நடக்கவேண்டியது பெருந்தொற்றால் ரத்தாகி 2022-க்கு ஒதுக்கப்பட்டது. மகளிர் ஆசியக் கோப்பையும் 2022-க்குக் கிடைத்தது. இவ்விரண்டிலும் நெரூல் மைதானம் இடம்பெற்றது. இரண்டும் வெவ்வேறு வகையில் கசந்தன.

ஜனவரி 20 அன்று ஆசியக் கோப்பையில் ஈரானுடன் இந்தியா கோலின்றிச் சமன் செய்தது. கடலூர்க்காரரான இந்துமதி கதிரேசன் இடம்பெற்ற அணி அது. மூன்று நாள் கழித்து சீனத் தைபேயுடன் ஆடவேண்டிய மாலையில், கொரோனா தொற்றால் குறைந்தபட்சம் தேவையான 13 பேரைக்கூட இந்தியாவால் நிறுத்த இயலவில்லை. விதிப்படி அணி போட்டியிலிருந்து விலகியதாகக் கருதப்பட்டது. ஈரானுடனான ஆட்டமும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. 2023 உலகக் கோப்பைக்கான தகுதிப் போட்டியும் அதுவே என்பதால் இழப்பு இரட்டிப்பாயிற்று. நடத்தும் நாட்டின் அணி இல்லாமலே போட்டி மும்பையிலும் நவி மும்பையிலும் புணேயிலும் தொடர்ந்தது. பிப்ரவரி 6 அன்று சீனா கோப்பையை வென்றது.

அதே ஆண்டு ஆகஸ்டில், மூன்றாம் தரப்பின் தலையீட்டைக் காரணம் காட்டி இந்தியக் கூட்டமைப்பை ஃபிஃபா இடைநீக்கம் செய்தது. உச்ச நீதிமன்றம் அமர்த்திய நிர்வாகக் குழுவே அந்த மூன்றாம் தரப்பு. மகளிர் இளையோர் போட்டிக்கு இரண்டு மாதங்களே இருந்தன. நீதிமன்றம் அக்குழுவைக் கலைத்தது; ஆகஸ்ட் 26 அன்று தடை நீங்கியது. நடத்தும் உரிமை எவ்வளவு வலிய நெம்புகோல் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு இந்திய விளையாட்டு வரலாற்றில் அரிது. அக்டோபர் 30 அன்று நெரூலில் ஸ்பெயின் கொலம்பியாவை 1–0 என வென்று கோப்பையைப் பெற்றது. புவனேசுவரத்தில் ஆடிய இந்தியச் சிறுமியர் மூன்று ஆட்டங்களில் 16 கோல்கள் வாங்கியிருந்தனர்.

ஐந்தே வாரங்களில் வந்தது விலகல். செப்டம்பரில் தேர்தல் மூலம் வந்த கல்யாண் சௌபே தலைமையிலான புதிய நிர்வாகம், பெரிய நிகழ்வுகளை நடத்துவது தன் முன்னுரிமை அன்று, அடித்தளத்தைச் செப்பனிடுவதே முதல் வேலை என்றது. வாதத்தில் நியாயம் உண்டு. 1986 உலகக் கோப்பையை 1974-லேயே பெற்றிருந்த கொலம்பியா, 1982-இல் அதிபர் பெலிசாரியோ பெத்தான்குர் காலத்தில், நாட்டுக்கு வேறு தேவைகள் பல உள்ளன என்று அதைத் திருப்பிக் கொடுத்தது, மெக்சிகோ ஏற்றது. கொலம்பியா 1986-க்குத் தகுதியும் பெறவில்லை, 1990-இல் பெற்றது. ஆனால் பெத்தான்குர் கைவிட்டது கையில் இருந்த உரிமையை. இந்தியா கைவிட்டது, போட்டியாளர் சவூதி என்றான பின் கிடைக்க வாய்ப்புக் குறைந்துவிட்ட ஒன்றை. 'அடித்தளம்' என்ற சொல்லின் எடையை மதிப்பிடும்போது இவ்வேறுபாட்டையும் நினைவில் கொள்ளவேண்டும். 2023 பிப்ரவரி 1 அன்று மனாமாவில் ஆசியக் கூட்டமைப்பின் பேரவை சவூதியை உறுதிசெய்தது. 2034 உலகக் கோப்பைக்கும் அந்நாடு ஒன்றே விண்ணப்பித்து, 2024 டிசம்பர் 11 அன்று எதிர்ப்பின்றித் தேர்வாயிற்று. போட்டியிடுவோரே இல்லாத தேர்தலாக நாட்டுத் தேர்வு மாறிவிட்ட காலம் இது.

ஆடவர் அணி, நடத்தும் நாட்டுக்குரிய இலவச இடமின்றி, 2027 ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்றை வங்கதேசம், ஹாங்காங், சிங்கப்பூர் ஆகியவற்றுடன் ஆடியது. மகளிர் அணி 2025 ஜூலை 5 அன்று சியாங் மாயில் தாய்லாந்தை 2–1 என வென்று, தகுதிச் சுற்றின் வழியே ஆசியக் கோப்பைக்குள் முதன்முறையாக நுழைந்திருந்தது. ஆடவர்க்கு அது வாய்க்கவில்லை. 2025 அக்டோபர் 14 அன்று, 2017-இலும் 2022-இலும் உலகக் கோப்பை ஆட்டங்களுக்காக அணிசெய்யப்பட்ட மட்காவின் ஃபதோர்தா மைதானத்தில், சாங்தே அடித்த கோலால் முன்னிலை பெற்ற இந்தியா சிங்கப்பூரிடம் 1–2 எனத் தோற்று வெளியேறியது. இந்தியா நடத்த விரும்பியிருந்த அந்த ஆசியக் கோப்பையில், 24 அணிகளுள் ஒன்றாகக்கூட அதற்கு இடமில்லை.