எஸ்.ஏ.பி. பேட்ச்
ஜெர்மானிய நிறுவனமான எஸ்.ஏ.பி., தன் வணிக மென்பொருளின் பிழைகளையும் பாதுகாப்புக் குறைகளையும் நீக்க வெளியிடும் திருத்தம். தனிக் குறைக்கானது ‘நோட்’. பல திருத்தங்களின் தொகுப்பு ‘சப்போர்ட் பேக்கேஜ்’. பாதுகாப்பு நோட்டுகள் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாயன்று வெளியாகும். திருத்தம் முதலில் மேம்பாட்டு அமைப்பில் ஏற்றப்பட்டு, சோதனை அமைப்பில் சரிபார்க்கப்பட்ட பின்னரே நேரடிப் பயன்பாட்டுக்குச் செல்லும். வாடிக்கையாளர் தன் தேவைக்கேற்ப மாற்றிய மூல நிரலைப் புதிய தொகுப்பு மேலெழுதக்கூடும் என்பதால், எஸ்.ஏ.பி.யின் நிரல் மொழியான ஏபாப்பில் இயங்கும் அமைப்புகளில் அம்மாற்றங்களை ‘ஸ்பாவ்’ கருவியில் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். இது மிகுந்த உழைப்பைக் கோரும் கட்டம். திருத்தத்தை ஏற்றத் தாமதிப்பதன் ஆபத்துக்குச் சான்று, 2020 ஜூலையில் திருத்தப்பட்ட ‘ரீகான்’ குறை. கடவுச்சொல் இல்லாமலேயே நிர்வாகி கணக்கை உருவாக்க இடமளித்த அது, தீவிரத்தன்மை அளவீட்டில் 10க்கு 10 பெற்றது. திருத்தம் வெளியான சில நாட்களிலேயே அக்குறையைப் பயன்படுத்தும் நிரல் பொதுவெளியில் கிடைத்தது.