தெலுக் பிளாங்காவின் தெமெங்கோங்

ஜொகூர்–ரியாவ் சுல்தானகத்தில் காவலுக்கும் சந்தைகளுக்கும் பொறுப்பான உயர்பதவி தெமெங்கோங். கடல்வாழ் மக்களான ஓராங் லாவுட்டின் படகுகளும் போர்வீரர்களும் அவருடைய ஆணைக்குக் கட்டுப்பட்டிருந்தனர். இப்பதவியை வகித்த டாயெங் இப்ராஹிம் (1810–1862) இன்றைய சிங்கப்பூரின் புக்கிட் மேரா வட்டாரத்தின் தென்கரையான தெலுக் பிளாங்காவில் வாழ்ந்தபடியே ஜொகூரின் ஆட்சியாளராக உயர்ந்தார்.

இப்ராஹிமின் தந்தை தெமெங்கோங் அப்துல் ரஹ்மான் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் குடியிருந்தார். 1819 பிப்ரவரி 6இல் ஜொகூர் சுல்தான் ஹுசேனுடன் சேர்ந்து ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸோடு ஒப்பந்தம் செய்தபோது அவருக்கு ஆண்டுக்கு 3,000 ஸ்பானிய வெள்ளி உதவித்தொகை கிடைத்தது. ஆற்றங்கரை வணிகத்துக்குத் தேவைப்பட்டதால், 1823இல் ராஃபிள்ஸ் தெமெங்கோங்கின் குடியிருப்பைத் தெலுக் பிளாங்காவுக்கு மாற்றி, அங்கு சுமார் 200 ஏக்கர் நிலம் ஒதுக்கினார். 1824 ஆகஸ்டில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி சிங்கப்பூர்த் தீவு முழுவதும் ஆங்கிலேயருக்குச் சென்றது; அப்துல் ரஹ்மானுக்கு 26,800 ஸ்பானிய வெள்ளி ரொக்கமும் மாதம் 700 வெள்ளியும் தரப்பட்டன. மறு ஆண்டு அவர் காலமானார்.

அப்போது இப்ராஹிமுக்கு வயது 15. அவருக்கு மிஞ்சியவை ஒரு பட்டமும், கடலோர நிலமும், பிழைப்புக்கு வழி தேடிய படகு மக்களும்தாம். 1830களில் சிங்கப்பூரைச் சுற்றிக் கடற்கொள்ளை பெருகியபோது அதில் அவருடைய ஆட்களுக்குப் பங்கிருப்பதாக வணிகர்கள் குற்றம் சாட்டினர். இந்தப் பழியைத் துடைக்க இப்ராஹிம் தேர்ந்த வழி, கொள்ளையரை ஒடுக்க ஆங்கிலேயருக்குத் துணைநிற்பது. 1841இல் அவரைத் தெமெங்கோங்காக ஆங்கிலேயர் முறைப்படி ஏற்றனர். 1846இல் ஆளுநர் பட்டர்வொர்த் அவருக்கு வாள் ஒன்றைப் பரிசளித்தார். சந்தேகத்துக்கு ஆளாகியிருந்தவர் இப்படி அரசின் கூட்டாளியானார்.

படகுகள் ஓய்ந்த இடத்தை வணிகம் பிடித்தது. 1840களில் குட்டாபர்ச்சா என்னும் மரப்பாலுக்கு ஐரோப்பாவில் திடீர் கிராக்கி ஏற்பட்டது. பின்னர் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிடவும் அது பயன்பட்டது. ஜொகூர் காடுகளில் சேகரித்த மரப்பாலைத் தம் வழியாகவே விற்கச் செய்து இப்ராஹிம் பெரும்பொருள் ஈட்டினார். மரத்தை வெட்டிச் சாய்த்தே பாலெடுத்ததால் வரத்து விரைவில் குறையத் தொடங்கியது. அதற்குள் அடுத்த வருமானம் தயாராகிவிட்டது. 1844 முதல் சீனக் குடியேறிகளுக்கு ஆற்றோர நிலங்களைத் திறந்துவிட்டு, ‘சூராட் சுங்கை’ எனப்படும் ஆற்றுப் பத்திரங்களை வழங்கினார். பத்திரம் பெற்ற ‘கங்சூ’ என்னும் தலைவர் அந்த ஆற்றங்கரையில் மிளகும் கேம்பியர் செடியும் பயிரிடச் செய்து, குடியிருப்பையும் நிர்வகித்தார்.

சொத்தும் செல்வாக்கும் சேர்ந்த பின்னர் எஞ்சியிருந்தது ஆட்சியுரிமை. சட்டப்படி ஜொகூரின் சுல்தான் ஹுசேனின் மகன் அலி. கடனில் சிக்கியிருந்த அவருடன் ஆங்கிலேயர் முன்னிலையில் 1855 மார்ச் 10இல் உடன்படிக்கை ஏற்பட்டது. அலி சுல்தான் பட்டத்தையும் மூவார் ஆற்றுக்கும் கெசாங் ஆற்றுக்கும் இடைப்பட்ட பகுதியையும் வைத்துக்கொண்டு, ஜொகூரின் முழு அதிகாரத்தையும் இப்ராஹிமிடம் விட்டுக்கொடுத்தார். ஈடாக அவர் பெற்றது 5,000 ஸ்பானிய வெள்ளியும் மாதம் 500 வெள்ளியும். அதே ஆண்டு ஜொகூர் ஜலசந்திக்கு அப்பால் தஞ்சோங் புத்ரி என்ற குடியேற்றத்தை இப்ராஹிம் நிறுவினார். பெயரளவில் சுல்தான் ஒருவர், நடைமுறையில் ஆள்பவர் வேறொருவர் என்ற நிலை அன்று உறுதியானது.

1862 ஜனவரி 31இல் இப்ராஹிம் தெலுக் பிளாங்காவில் காலமாகி அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அதே ஊரில் 1833இல் பிறந்த அவருடைய மகன் அபூ பக்கர் பதவியேற்றார். 1866இல் தஞ்சோங் புத்ரிக்கு ஜொகூர் பாரு எனப் பெயரிட்டு, 1868இல் மகாராஜா பட்டத்தையும் 1885இல் சுல்தான் பட்டத்தையும் பெற்றார். தலைநகர் ஜலசந்தியைக் கடந்து சென்றாலும் அரச குடும்பத்தின் பழைய மயானம் தெலுக் பிளாங்கா சாலையிலேயே உள்ளது. அதையொட்டி, இப்ராஹிமின் பெயரைத் தாங்கிய பள்ளிவாசலை இன்றும் ஜொகூர் அரசு நிர்வகிக்கிறது.