ஜெனீவாவுக்கு ஓடிய சாம்பல் நிறக் கார்

ஜெர்மானிய விமானங்கள் எந்த நேரத்தில் வந்து குண்டு பொழியுமோ என்று கோவென்ட்ரி நகரம் உறக்கமின்றித் தவித்த யுத்த கால இரவுகளில், தொழிற்சாலையில் தீப்பற்றாமல் காவல் இருக்கும் முறை தங்களுக்கு வந்தபோதெல்லாம், ஜாகுவார் கார் நிறுவனத் தலைவர் வில்லியம் லயன்ஸும் அவருடைய பொறியியல் நிபுணர்களான ஹெய்ன்ஸ், ஹாசன், பெய்லி ஆகிய மூவரும் ஒன்றுகூடி, யுத்தம் ஓய்ந்த பின் எத்தகைய எஞ்சினைச் செய்வது என்று விவாதித்தார்கள். அந்தக் காவல் இரவுகளில் கருக்கொண்டதே எக்ஸ்.கே. எஞ்சின். 1951 முதல் 1957 வரை ஐந்து முறை லமான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவாருக்கு வெற்றி தேடித் தந்ததும் அதுதான்.

அந்தப் பந்தயக் குலத்தில் உதித்தது ஜாகுவாரின் இ-டைப் கார். அதன் உருவத்தை வகுத்த மால்கம் சேயர் சித்திரக்காரர் அல்லர். ப்ரிஸ்டல் விமானத் தொழிற்சாலையில் பணியாற்றிய காற்றியக்க நிபுணர். வண்டியின் ஒவ்வொரு வளைவையும் அவர் லாகரிதக் கணக்குகளைக் கொண்டு எண்களாகவே எழுதி வைத்தார். தம்மை அலங்கார வடிவமைப்பாளர் என்று எவரேனும் குறிப்பிட்டால் அதை விரும்பமாட்டார். காற்றின் தடையைக் குறைப்பதற்கென்று போட்ட கணிதம் சௌந்தரியத்தின் இலக்கணமாகவே அமைந்துவிட்டதே என்று எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. 1996-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் ஓர் இ-டைப்பைத் தன் கலைச் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

1961 மார்ச் 15-ஆம் தேதி ஜெனீவாவில் பத்திரிகையாளர் முன்னிலையில் இ-டைப்பை அறிமுகம் செய்வதென்று ஏற்பாடாயிருந்தது. 9600 ஹெச்.பி. என்ற பதிவெண் கொண்ட சாம்பல் நிறக் காரை ஜாகுவார் ஊழியர் பாப் பெர்ரி கோவென்ட்ரியிலிருந்து சாலை வழியாகவே விரைந்து ஓட்டிவந்து, குறித்த நேரத்துக்குச் சற்று முன்னரே கொண்டுசேர்த்தார். ஒரு முறையேனும் ஏறிப் பார்க்கவேண்டும் என்று வந்தவர்கள் மொய்த்துக்கொள்ள, இன்னொரு காரை உடனே கொண்டுவருமாறு லயன்ஸ் உத்தரவிட்டார். சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் 77 ஆர்.டபிள்யூ. என்ற பச்சைக் காரை இரவோடிரவாக ஓட்டி, காலையில் ஜெனீவாவை அடைந்தார். 3.8 லிட்டர் எஞ்சின், 265 குதிரைச் சக்தி, மணிக்கு ஏறக்குறைய 150 மைல் வேகம். விலையோ இரண்டாயிரம் பவுனை ஒட்டியே இருந்தது. இதற்கு ஈடான வேகமுள்ள வண்டிகள் அக்காலத்தில் பன்மடங்கு விலை பெற்றன.

பிற்காலத்தில் 9600 ஹெச்.பி. கைமாறிக் கைமாறிச் சீர்குலைந்தது. எழுபதுகளில் ஜாகுவார் சரித்திர ஆசிரியர் ஒருவர் அதை வாங்கி, நெடுங்காலம் பாதுகாத்த பிறகே புனருத்தாரணத்துக்கு ஒப்படைத்தார். துருவேறிய தகட்டை வெட்டி எறிந்து புதுத் தகட்டைப் பற்றவைப்பது எளிது. ஆயினும் இத்தகைய முதல் வண்டியில் அவ்வாறு செய்வது பழைய ஓலைச்சுவடியைப் பிரதி எடுத்துவிட்டு மூலத்தைத் தீயிலிடுவதற்குச் சமம். முதன்முதலில் செய்த இ-டைப்புகளில் பானெட்டின் பூட்டு வெளிப்புறத்தில் இருக்கும். அதைத் திறக்கத் தனிச் சாவி வேண்டும். காற்றுப் போகும் பட்டைத் துளைகள் தனித்தகட்டில் வெட்டப்பட்டுப் பற்றவைக்கப்பட்டிருக்கும். காலடித் தளம் தட்டையாக இருக்கும். இவையெல்லாம் விரைவிலேயே மாற்றப்பட்ட அமைப்புக்கள். மாற்றத்துக்கு முன் இருந்ததை அறிய அந்த வண்டிகளே சாட்சி. பழைய தகட்டில் கையால் தட்டிய சுவடும், இணைப்புகளில் ஈயம் உருக்கி நிரப்பி அரத்தால் ராவிய சுவடும், அந்நாளைய தொழிலாளியின் கையெழுத்தென்றே நான் கருதுகிறேன். நல்ல புனருத்தாரணம் அந்தக் கையெழுத்தின்மேல் பட்டி பூசி மறைக்காது.

1974 வரையில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இ-டைப்புகள் தயாரிக்கப்பட்டன. இங்கிலாந்து செல்லும் வாய்ப்புப் பெற்றவர்கள் கெய்டனிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்துக்குச் சென்று, ஓர் இரவில் ஐரோப்பாவைக் கடந்த அந்தப் பச்சை நிற 77 ஆர்.டபிள்யூ.வைத் தரிசித்து வரவேண்டும்.