வெளிநாட்டு வங்கிக் கட்டணம்: டிடிஎஸ் பிடிக்கணுமா?

விக்ரோலியில் ஒரு கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் டீமில் இருக்கிறீர்களா? டாலர் கடன் கொடுத்த சிங்கப்பூர் வங்கி ப்ராசஸிங் ஃபீ கேட்கிறதா? 'பேங்க் சார்ஜ்தானே' என்று அப்படியே அனுப்பிடாதீங்க.

அந்தப் பணம் இந்தியாவில் வரிக்கு உட்பட்டதா என்று முதலில் பாருங்கள். உட்பட்டால்தான் டிடிஎஸ் என்று 2010-இல் ஜிஇ இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

கடன் சார்ந்த கட்டணமா? வருமான வரிச் சட்டம், கடனுக்கான சேவைக் கட்டணத்தையும் வட்டி என்றே எண்ணுகிறது. ஆகவே டிடிஎஸ் உண்டு. சிங்கப்பூருடனான ஒப்பந்தப்படி வங்கிக் கடன் வட்டிக்கு உச்சவரம்பு 10%. அந்தச் சலுகைக்கு, வங்கியின் வரிக் குடியிருப்புச் சான்றிதழை வாங்கி வையுங்கள்.

வெறும் பணம் அனுப்பும் கட்டணமா? அது வங்கியின் தொழில் வருமானம். அதற்கு இங்கே கிளை எதுவும் இல்லையென்றால் பொதுவாக டிடிஎஸ் இல்லை.

பிடிக்க வேண்டியதை விட்டால், அந்தச் செலவை லாபத்தில் கழிக்க முடியாது. மாதம் 1% வட்டியும் சேரும்.

கடைசியாக ஒன்று. 'வரி போக முழுத் தொகை' என்று ஒப்பந்தத்தில் இருந்தால் வரி உங்கள் தலையில்தான். 10% விகிதத்தில், வங்கிக்கு 1 லட்சம் சேர உங்களுக்கு ஆகும் செலவு ரூ.1,11,111. கையெழுத்துக்கு முன்னாடியே அதைப் படிச்சிடுங்க.