புள்ளி வைத்தவரும் படம் போட்டவரும்

பழைய அமெரிக்கக் காமிக்ஸ் புத்தகத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கதாநாயகியின் ரோஸ் நிறக் கன்னம் வெறும் சிவப்புப் புள்ளிகளாகப் பிரிந்துவிடும். மலிவுத் தாளில், நாலே மையில் பல நிறம் காட்ட அச்சகத்தார் கையாண்ட தந்திரம் அது. 1879-இல் பென் டே என்பவர் கொண்டுவந்ததால் அவர் பெயராலேயே அழைத்தார்கள்.

1961-இல் ராய் லிக்டென்ஸ்டைன் 'லுக் மிக்கி' ஓவியத்தில் அந்தப் புள்ளிகளைக் கையால் வைத்தார். நாய்க்கு முடி வாரும் பிரஷ்ஷைப் பெயிண்டில் தோய்த்து ஒற்றினாராம்! இயந்திரம் நொடியில் செய்வதை மனிதன் மெனக்கெட்டுச் செய்கிறான். 'பாப் ஆர்ட்' குறும்பே அதுதான்.

1963-இல் அவர் வரைந்த 'வாம்!' நாலு மீட்டர் அகலம். ஒரு போர் விமானம் இன்னொன்றைச் சுட்டு வீழ்த்தும் காட்சி. லண்டன் டேட் காட்சியகம் 1966-இல் வாங்கியது. அதற்கு மூலம், 1962-இல் ஒரு போர்க் காமிக்ஸில் இர்வ் நோவிக் வரைந்த சிறிய கட்டம். அன்று காமிக்ஸ் ஓவியர்களுக்குப் பக்கக் கணக்கில் கூலி. பல இதழ்களில் பெயர்கூட வராது.

லிக்டென்ஸ்டைன் அப்படியே நகலெடுக்கவில்லை, மாற்றி அமைத்தார் என்பார்கள். உண்மைதான். ஆனாலும் அந்தக் காட்சியை முதலில் வரைந்தவர் நோவிக் அல்லவா?