கிருமியைக் காட்டிக்கொடுக்கும் இரத்தம்

ஐ.சி.யூ.வில் படுத்திருக்கும் ஒருவருக்குத் திடீரென்று காய்ச்சல் ஏறுகிறது. கிருமித் தொற்றா, இல்லை ஆபரேஷன் செய்ததால் வந்த காய்ச்சலா? இரத்தத்தைக் கல்ச்சர் வைத்தால் பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகும். சில சமயம் தொற்று இருந்தும் கிருமி அதில் வளராது. ஆண்டிபயாட்டிக் தாமதித்தால் உயிர் போகலாம். தேவையில்லாமல் கொடுத்துக்கொண்டே போனால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும். இந்தச் சிக்கலுக்கு இரத்தத்திலேயே விடை தேடிய வரலாறு சுவாரஸ்யமானது.

1930-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் சீரத்தை ஆராய்ந்தார்கள். நிமோனியா கிருமியிலிருந்து பிரித்த 'சி' என்ற பொருளை அதில் கலந்தபோது வீழ்படிவு உண்டானது. நோய் குணமானதும் அதே ஆளின் சீரத்தில் அது உண்டாகவில்லை! இதற்குக் காரணமான புரதம்தான் இன்று எல்லா லேபிலும் பார்க்கும் சி.ஆர்.பி. கல்லீரலில் உற்பத்தியாகிறது. ஆனால் அடிபட்டாலும், ஆபரேஷன் செய்தாலும், மூட்டுவாதம் வந்தாலும் இது ஏறும்.

அடுத்த திருப்பம் 1993-ல். பிரான்சைச் சேர்ந்த அசிகோ குழுவினர் தொற்று சந்தேகிக்கப்பட்ட 79 குழந்தைகளின் இரத்தத்தில் புரோகால்சிடோனினை அளந்தார்கள். பாக்டீரியா தொற்று இல்லாதவர்களிடம் அது 0.1 நானோகிராமுக்கும் கீழே. கடுமையான பாக்டீரியா தொற்று உள்ளவர்களிடம் 6 முதல் 53 வரை! மருந்து கொடுத்ததும் வேகமாக இறங்கியது.

இனி கவலையில்லை என்று தோன்றுகிறதா? அங்கேதான் சிக்கல். டென்மார்க்கில் 1,200 ஐ.சி.யூ. நோயாளிகளிடம் ஒரு சோதனை நடந்தது. அளவு ஏறினால் உடனே ஆண்டிபயாட்டிக்கைக் கூட்டினார்கள். 2011-ல் வந்த முடிவு: இறப்பு குறையவில்லை, ஐ.சி.யூ.வில் இருந்த நாட்கள்தான் கூடின.

அதே டெஸ்டை மருந்தை நிறுத்தப் பயன்படுத்தியபோது கதை மாறியது. 2010-ல் பிரான்சில் 621 பேரிடம் நடந்த ஆய்வில், 28 நாட்களில் ஆண்டிபயாட்டிக் இல்லாத நாட்கள் 11.6-லிருந்து 14.3 ஆயின. 2016-ல் நெதர்லாந்தில் 7 நாள் மருந்து 5 நாளானது, 28 நாள் இறப்பும் 25 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. 2024-ல் பிரிட்டனில் 2,760 பேரிடம் நடந்த ஆய்வில் புரோகால்சிடோனின் கிட்டத்தட்ட ஒரு நாள் மருந்தை மிச்சப்படுத்தியது. சி.ஆர்.பி.யால் அது முடியவில்லை.

ஒரு நாள் விற்பனையை வைத்து கடைக்கு லாபமா நஷ்டமா என்று சொல்ல முடியுமா? தினசரிக் கணக்கு ஏறுகிறதா, இறங்குகிறதா என்றுதான் பார்க்கவேண்டும். இதுவும் அப்படித்தான். 2021-ன் சர்வதேச செப்சிஸ் வழிகாட்டுதலும் இதையொட்டியே இருக்கிறது. மருந்தை ஆரம்பிக்க டாக்டரின் கணிப்பு போதும், எப்போது நிறுத்துவது என்று தெளிவாகத் தெரியாதபோது அந்தக் கணிப்போடு புரோகால்சிடோனினையும் சேர்த்துப் பார்க்கலாம் என்கிறது.

கிருமியைக் கண்டுபிடிக்கக் கிளம்பிய டெஸ்ட், கடைசியில் மருந்தை எப்போது நிறுத்தலாம் என்று சொல்லத்தான் அதிகம் உதவியது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிவரும் காலத்தில் அதுவும் சின்ன உதவியில்லை.